திரைக்கென்று ஒரு கண்ணாடி

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அச்சுத் தாளில் செய்துவந்த வேலை இப்போது முழுவதும் கணினிக்கு வந்துவிட்டது. சென்ற ஆண்டு, மாலை நான்கு மணியைத் தாண்டினால் மெய்யெழுத்துகளின் தலைமேல் உள்ள புள்ளிகள் கலங்கத் தொடங்கி, ‘ம்’ எது, ‘ம’ எது என்று பிரித்தறிய ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. ஒற்றுப்பிழை தேடுகிறவனுக்கு இதைவிடக் கவலை வேறில்லை. நெற்றிப்பொட்டு வலித்தது, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது.

நாற்பதுக்குப் பிறகு வரும் வெள்ளெழுத்துக்காக வாங்கிய கண்ணாடியைத்தான் அணிந்திருந்தேன். அது கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கு, அதாவது ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்துக்குப் பொருந்துவது. தையல் நாடாவால் அளந்து பார்த்தால் என் திரையோ 65 செ.மீ. தள்ளி இருந்தது. இவ்விரு தூரங்களுக்கும் வேண்டிய பவரில் சுமார் ஒரு டயாப்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் அலகு) வேறுபாடு உண்டு என்பதால், எழுத்து தெளிவதற்காக நாள் முழுவதும் என்னையறியாமலே கழுத்தை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். அளவைச் சீட்டில் எழுதிக் கண் பரிசோதகரிடம் கொடுத்து, அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொண்ட பிறகு தலைவலி விட்டது. என் வயதுக்காரர்கள் மேசை விளக்கையும் நாற்காலியையும் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு அளவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மன்றாடியே கேட்பேன்.

உறுத்தலுக்குக் காரணம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் நாம், திரையைக் கூர்ந்து பார்க்கையில் அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைத்தாலும் மேலிமை பல நேரம் கீழிமையைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. இமை விளிம்புச் சுரப்பிகளின் எண்ணெய் கண்ணீரின்மேல் படலமாகப் பரவுவது முழுமையான இமைப்பினால்தான். அது பரவாவிட்டால் கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும், அதிலும் ஏசி காற்று முகத்தில் நேரே அடித்தால் சொல்லவே வேண்டாம். அதனால் மேசையைத் திருப்பிப் போட்டேன். திரையைச் சற்றுத் தாழ்த்தினேன். பார்வை கீழே இறங்கினால் இமை கண்ணை அதிகமாக மூடிக்கொள்ளும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது வினாடி பார்க்கச் சொல்லும் முறையில் கடிகாரக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. பக்கம் முடியும்தோறும் கண்ணை இறுக்காமல் முழுவதும் மூடித் திறந்து, எதிர்வீட்டு வேப்பமரத்தின் உச்சியைப் பார்க்கிறேன்.

கடையில் நீல ஒளி தடுக்கும் கண்ணாடியையும் வாங்கச் சொன்னார்கள். அத்தகைய கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு கூறுவதால் வேண்டாமென்றேன். அதற்குப் பதில் செலவே இல்லாமல் எழுத்தை 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக்கொண்டேன். புள்ளிகள் மாலையிலும் தெரிகின்றன.