வளைவின் அடி இருட்டு

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தில் கடிக்கவிட்டு, அதாவது அரிக்கவிட்டு, மை நிரப்பி அச்செடுப்பதுதான் எச்சிங். அதில் வரையும் ஒரு நாட்டுப்புறப் பாலத்தின் உயிர் வளைவுக்கு அடியில் கிடக்கும் இருட்டில்தான் இருக்கிறது. மரமும் மாடும் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. அந்த இருட்டு சாம்பலாக வெளுத்தால் முழுப் படமும் தட்டையாகிவிடும்.

ஆங்கில ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1807இல் வெளியிடத் தொடங்கிய ‘லிபர் ஸ்ரூடியோரம்’ என்ற அச்சுப்படத் தொகுதியின் முதற் பகுதியிலேயே பாலமும் மாடுகளும் உள்ள தகடு வந்தது. கோடுகளை அவரே எச்சிங்காக வரைந்தார். தகட்டைச் சொரசொரப்பாக்கித் தேய்த்து நிழல் தரும் மெசோடின்ட் சாயலைச் சேர்த்த செதுக்குநர் சார்ள்ஸ் டர்னர் அவருக்கு உறவினர் அல்லர். அச்சடிக்க அடிக்க மெசோடின்ட் தேயும். ஆழக் கடித்த கோடு நிற்கும். சாயல் சேர்க்காமல் கோட்டை மட்டும் நம்புபவர் இருட்டையும் கோட்டாலேயே கட்டவேண்டும்.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கந்தளாய்ப் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்தை எடுத்துக்கொள்வோம். செப்புத் தகட்டின் விளிம்புகளை முதலில் சரிவாக அராவுங்கள். இல்லையேல் அச்சில் கடதாசி கிழியும். படம் இடம்வலம் மாறி விழும் என்பதால் ட்ரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். திருகோணமலை வெக்கையில் மெழுகுப் பூச்சு கைபட்டே இளகும், கைக்குக் கீழே பலகை வையுங்கள்.

செம்பைக் கடிக்கும் கரைசலான பெரிக் குளோரைட் சூட்டில் வேகமாகக் கடிக்கும். குளிர்நாட்டுப் புத்தகத்து நேரங்களை நம்பாமல் ஒரு துண்டுச் செம்பில் 10, 20, 40 நிமிடம் விட்டு அச்செடுத்துப் பாருங்கள். தகட்டை முகம் கீழாகவோ செங்குத்தாகவோ வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வண்டல் கோடுகளை அடைத்துவிடும். தகட்டை வெளியே எடுத்து, தூரத்து மலைகளை முதலில் அமிலம் தீண்டாத வார்னிஷால் மூடுங்கள், பிறகு கரை மரங்கள். வளைவின் அடி கடைசிவரை கடிபடட்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். இருட்டு வேண்டுமென்று கோடுகளை நெருக்கிவிடுவார்கள். இடையிலுள்ள மெல்லிய பூச்சு உடைந்து அமிலம் அகலப் பள்ளமாகக் கடிக்கும். பள்ளத்தில் மை தங்காது, துடைக்கும்போதே போய்விடும். கறுப்பு வரவேண்டிய இடம் சாம்பலாகும். கோடுகளுக்கிடையே அரை மில்லிமீற்றராவது விட்டு, ஒரு திசையில் மட்டும் வரைந்து கடிக்கவிடுங்கள். தகட்டைக் கழுவி, புதிதாகப் பூச்சிட்டு, குறுக்குக் கோடுகளைத் தனியே கடிக்கவிடுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் கறுப்பு வெல்வெட்டுப் போல விழும். தண்ணீரில் தெரியும் ஒளிக்கீற்றை மட்டும் முதற் கடியோடு மூடிவிடுங்கள்.

வறண்ட கச்சான் காற்றில், அச்சுக்காக நனைத்த கடதாசி சட்டென உலரும், பொலித்தீனில் சுற்றி வையுங்கள். மாரியில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நனையுங்கள், மீதி பூஞ்சணம் பிடிக்கும். பயன்பட்ட கரைசலில் செம்பு இருக்கிறது. கிணற்றடியிலோ கடலிலோ ஊற்றவே கூடாது.