பழைய கம்ப்யூட்டர்ல யூடியூப் திக்குதா?

கிராஃபிக்ஸ் கார்டு (திரையில படம் காட்டுற கார்டு) போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னால விண்டோஸ்ல பாகங்களோட பட்டியலைக் காட்டுற டிவைஸ் மேனேஜரைப் பாருங்க. அங்க 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு இருந்தா, கார்டை இயக்குற மென்பொருளான டிரைவரே ஏறல, பாரம் முழுக்க பிராசஸர் தலையில.

விண்டோஸ் 10-ல என்விடியாவோட பழைய கார்டான ஜீஃபோர்ஸ் 210-க்கு கடைசி டிரைவர் 342.01. ஜிடி 610-க்கு 391.35. அதுக்கு மேல உள்ளதைப் போட்டா இன்ஸ்டாலர் பாதியில நின்னுரும். நெட்டைத் துண்டிச்சுட்டு, சேஃப் மோடுல (தேவையானது மட்டும் ஓடுற நிலை) டிடியு-ங்கிற டிரைவர் நீக்குற புரோகிராமை ஓட்டிப் பழசைத் துடைச்சுட்டு ஏத்துங்க. நெட் இருந்தா விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு வேற ஒண்ணை ஏத்திரும், பிறகு மொதல்ல இருந்து வரணும்.

டிரைவர் சரி, ஆனாலும் வீடியோ திக்குதா? வீடியோவைச் சுருக்கி அனுப்ப பல முறை இருக்கு. இந்தக் கார்டுகளுக்கு அதுல எச்.264 பிரிக்கத் தெரியும்; விபி9, ஏவி1 தெரியாது. யூடியூப் அனுப்புறது பெரும்பாலும் பின்னாடி உள்ள ரெண்டும்தான். குரோம்ல 'எச்264-இஃபை' மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைச்சுப் போட்டா எச்.264-லயே வரும். புது கார்டு வாங்குற செலவு மிச்சம்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல உள்ளவங்க இன்னொண்ணும் பாக்கணும். உப்புக்காத்துல கார்டோட தங்கநிறப் பல்லு (ஸ்லாட்டுல செருகுற பகுதி) மங்கிரும். டிஸ்ப்ளே வந்து வந்து போகும். பவர் கேபிளைக் கழட்டிட்டு வெள்ளை ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, காஞ்ச பிறகு மாட்டுங்க. கார்டு மேல உள்ள கெப்பாசிட்டர் (சின்ன உருளை மாதிரி பாகம்) தலை உப்பியிருந்தா மட்டும் டிரைவரோட மல்லுக்கட்டாதீங்க, பழுது கார்டுலதான்.