மணி மண்டபத்துத் தூண்

1994 கோடை விடுமுறையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து குடும்பமாகத் திருநெல்வேலிக்குச் சென்று, டவுனில் அத்தை வீட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில், ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்களில் ஒன்றை நான் தயங்கித் தயங்கித் தட்டியபோது, அத்தையின் பக்கத்து வீட்டு இளைஞர், "காதை வச்சுக் கேளுங்க, தூணுக்குத் தூண் சத்தம் மாறும்" என்று சொல்லி, அடுத்த தூணை மெல்லத் தட்டினார். குளிர்ந்த கல்லின் வழியே வந்த அந்த நாதம் இன்றும் என் காதில் இருக்கிறது. (அப்பா அப்போது காந்திமதியம்மன் சன்னதியில் இருந்தார்.) மறுநாள் மாலை அல்வா வாங்க நின்ற கூட்டத்தில் அவரும் நானும் பத்து நிமிடம் பேசியிருப்போம். ஊர் திரும்பிய பேருந்து, 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் ஏறியபோது, சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாமிரபரணியைப் பார்ப்பவர்போல அவர் நின்றிருந்தார். அம்மா அருகில் இருந்ததால் நான் கையசைக்கவில்லை; அதற்காக இன்றும் வருந்துகிறேன்.