செட்டு விழுந்துவிட்டது என்றால் எந்தச் செட்டு?

தர்மபுரிப் பக்கத் தோட்டத்திலிருந்து மோட்டார் மெக்கானிக்குக்கு "அண்ணா, செட்டு விழுந்திருச்சு" என்று போன் போனால், அவர் முதலில் கேட்க வேண்டியது "எந்தச் செட்டு?" என்றுதான். போர்வெல்லில் பைப் கழன்று பம்பும் மோட்டாரும் அடியில் போயிருக்கலாம். காற்றில் கோழிச் செட்டின் தகரக் கூரை சாய்ந்தும் இருக்கலாம்.

ஆங்கிலத்தின் செட், ஷெட் இரண்டும் நம் வாயில் ஒரே செட்டாகிவிட்டன. கூட வரும் வினையைக் கவனித்தால் பிரித்துவிடலாம். செட்டு போட்டால் கொட்டகை, செட்டை இறக்கினால் பம்பு. இவை போதாதென்று, சிக்கனத்தைக் குறிக்கும் செட்டு என்ற சொல் நம்மிடம் முன்பே உண்டு. "செட்டா குடும்பம் நடத்துறா" என்பதில் ஆங்கிலமே இல்லை.

இப்படிக் கலப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆங்கிலச் செட்டே இரண்டு சொற்கள் கலந்து வந்ததுதான். கூட்டம், தொகுதி என்ற பொருள் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தது. உட்காரவைப்பது என்று பொருள். நம் இரு, இருத்து போல அங்கே சிட், செட். 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 2-ஆம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான்; வினையாக மட்டும் சுமார் 430 பொருள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். தொகுதியா, இருத்துவதா என்று பார்த்தாலே பெரும்பாலானவை பிடிபடும்.

பம்பு செட்டு தொகுதி. பம்பும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆழம் கூடிவிட்டது என்று பழைய மோட்டாரிலேயே ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் அடுக்கு) அதிகமான பம்பை மாட்டினால் ஆம்பியர் ஏறும், காயில் எரியும். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால், இறக்கும் முன் அதில் சுத்தமான தண்ணீரை முழுக்க நிரப்ப வேண்டும்.

ஸ்டார்ட்டரில், ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயை செட் பண்ணுவது இருத்துவது. முள்ளை ஓர் எண்ணில் நிறுத்துகிறோம். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரை அப்படியே வைக்கலாம். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் கிளப்பி, பிறகு முழுசுக்கு மாற்றுவது) ரிலே டெல்டா சுற்றுக்குள் இருந்தால் அதை 0.58-ஆல் பெருக்க வேண்டும்: தகட்டில் 20 என்றால் ரிலேயில் 11.6. இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. 20-லேயே விட்டுவிட்டால் மூன்றில் ஒரு பேஸ் போன நேரத்தில் ரிலே டிரிப் ஆகத் தாமதமாகி மோட்டார் எரிந்துபோகும். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று முள்ளை ஏற்றிவிடுவதும் அதே ஆபத்துதான். ஏன் டிரிப் ஆகிறது என்று பார்ப்பதே சரி.

கான்கிரீட் 'செட் ஆகிறது' என்பதைப் பலர் இறுகி பலமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் செட் ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பலமோ நாள் கணக்கில் ஏறுவது; 28-ஆம் நாள் வலிமையைத்தான் அளவாகக் கொள்கிறோம். கிருஷ்ணகிரி ஏப்ரல் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். அப்போது தண்ணீர் ஊற்றிக் குழப்பினால் கரண்டிக்கு இளகும், பலம் போய்விடும். குறைவாகக் கலந்து உடனே போடுங்கள். மறுநாள் முதல் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பாருங்கள்.

ஓசூர் பட்டறைகளில் செட்டர் என்பதே ஒரு வேலை. ஆபரேட்டர் பீஸை மாட்டிக் கழற்றுவார். பீஸைப் பிடிக்கும் ஜா, வெட்டும் டூல், மெஷினில் பதியும் திருத்த அளவான ஆஃப்செட் எல்லாவற்றையும் அமைத்து முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருபவர் செட்டர். ஜாவுக்கு அடியில் ஒரு பிசிறு ஒட்டியிருந்தாலே பீஸ் கோணும். கம்ப்யூட்டர் லேத்தில் (சி.என்.சி.) எக்ஸ் அச்சின் ஆஃப்செட் பொதுவாக விட்டக் கணக்கு, 0.05 மில்லிமீட்டர் மாற்றினால் விட்டம்தான் 0.05 மாறும், ஆரம் அதில் பாதியே.

மாந்தோப்பில் 'பூ செட் ஆச்சா' என்ற கேள்வி இப்போது பரவுகிறது. பிஞ்சு பிடித்ததா என்ற பழைய சொல்தான் எனக்குப் பிடிக்கும். பூ தானாகப் பற்றிக்கொள்வதை அது சொல்கிறது. முழுப் பூப்பில் பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்கள் சாகும், பிஞ்சு குறையும்.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது கவனம் வேண்டும். 'நம்ம செட்டு' என்றால் கூட்டாளிகள். 'செட் ஆகல' என்றால் ஒத்துவரவில்லை. செட்டப் என்பதை மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சொல்லலாம். ஒரு பெண்ணைக் குறித்துச் சொன்னால் கள்ள உறவு என்று அவமதிப்பதாகிவிடும்.

செட் தோசையும் தொகுதிதான். கடைக்குக் கடை இரண்டு, மூன்று என்று மாறும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.