அல்லித் தொட்டி நாட்குறிப்பு, பெரம்பூர்

ஜனவரி 5, ஞாயிறு

பள்ளிக்கூடங்களில் இருக்குமே, அந்த மாதிரி மைக்ரோஸ்கோப் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. கீழே 4, 10, 40 என்று மூன்று லென்ஸ், கண் வைக்கிற இடத்தில் 10. ஆக 40, 100, 400 மடங்கு. குளத்துத் தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிர்களைப் பார்க்க இது தாராளம். ஆயிரம் மடங்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கிற அந்த லென்ஸை வைத்துக்கொண்டு ஓடுகிற உயிரைத் துரத்த முடியாது.

முதல் சாம்பிள் மொட்டை மாடி அல்லித் தொட்டியிலிருந்து. தெளிந்த நடுத்தண்ணீரை மொண்டால் ஒன்றும் தேறாது. இலையின் அடிப்பக்க வழவழப்பு, வேர், அடியில் படிந்த வண்டல், அங்கேதான் கூட்டம். டிராப்பரை அமுக்கிப் பிடித்தபடியே உள்ளே இறக்கி, வேர்ப்பக்கம் போனதும் விட வேண்டும். ஸ்லைடில் ஒரு சொட்டு போதும். மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடியை, அதாவது கவர் ஸ்லிப்பை, ஒரு ஓரம் ஊன்றிச் சாய்த்து மெல்ல இறக்கணும். தொப்பென்று போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும்.

அண்ணன் மகள், எங்கள் பாப்பா, எட்டாவது படிக்கிறாள். கண்ணை வைத்ததும் கேட்டாள்: "அத்தை, இது நெஜமா எவ்ளோ பெருசு?" நல்ல கேள்வி. கண் லென்ஸின் விளிம்பில் 18 என்று பொறித்திருக்கிறது. அதைக் கீழ் லென்ஸின் எண்ணால் வகுத்தால் கண்ணில் தெரிகிற வட்டத்தின் குறுக்களவு வந்துவிடும். 10இல் 1.8 மி.மீ., 40இல் 0.45 மி.மீ. வட்டத்தில் பாதியை அடைத்தால் பாதி அளவு. இந்தக் கணக்கு கையில் இருந்தால் பெயர் தேடுகிற வேலை பாதி குறையும்.

நுண்ணுயிர் வளர்க்க, பொங்கல் பானை விற்கிற வண்டியில் ஒரு பிடி வைக்கோல் கேட்டு வாங்கினேன். கொதிக்க வைத்து, ஆறியதும் ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர் விட்டு, வாய் அகன்ற பாட்டிலில் வைத்தாயிற்று. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் பயன்படுத்தினேன்.

ஜனவரி 6, திங்கள்

உயிரில்லாதவற்றை முதலில் பழகிக்கொள்வது நல்லது. கச்சிதமான வட்டம், கருப்பான தடித்த விளிம்பு என்றால் காற்றுக்குமிழி. முறுக்கிய நாடா போல நீண்டு கிடந்தால் சட்டையிலிருந்து விழுந்த பஞ்சு நூல். எல்லாத் துகளும் சேர்ந்து ஒரே பக்கமாகப் போனால் அது நீரோட்டம். எதிர்த்துப் போகிறதுதான் உயிர்.

ஜனவரி 9, வியாழன்

வைக்கோல் தண்ணீர் கலங்கி, மேலே மெல்லிய ஆடை கட்டிவிட்டது. நாற்றம்தான், ஆனால் அந்த ஆடை முழுக்க பாக்டீரியா. அதைத் தின்ன முதலில் சின்னச் சின்ன உயிர்கள் வரும், பிறகு பெரியவை. இன்று ஒற்றைச் செல் உயிரான பாரமீசியமே வந்துவிட்டது.

புத்தகத்தில் செருப்பு வடிவப் படம் போட்டு அம்புக்குறி வைத்திருப்பார்கள். அந்தப் படத்தை வைத்துத் தேடினால் சிரமம். நடையைப் பாருங்கள் என்பேன். பாரமீசியம் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு, திருகுப்பாதையில் முன்னேறும். எதிலாவது முட்டினால் பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி, மறுபடி கிளம்பும். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. வேகம். அதனால்தான் 40 லென்ஸுக்கு மாற்றியதும் காணாமல் போகிறது, அரை நொடியில் வட்டத்தைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு எல்லாமே தலைகீழாகத் தெரியும், ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் ஆள் வலப்பக்கம் ஓடும்.

சொட்டுக்குள் நாலைந்து பஞ்சு நூலைப் பிரித்துப் போட்டால் அதற்குள் அடைபட்டு நிற்கும். ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சம் வருகிற ஒளித்திறப்பைப் பாதிக்கு மேல் மூடிவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால்தான் கண்ணாடி போன்ற உடம்பில் கோடுகள் எழும். அப்படி நிறுத்திப் பார்த்தபோது உடம்பின் இரு முனைப்பக்கமும் ஒவ்வொரு குமிழி, மெதுவாக வீங்கி, சட்டென்று மறைந்து, மறுபடி வீங்கியது. சுருங்கும் நுண்குமிழ். நன்னீர் ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், வெளியேற்றாவிட்டால் வெடித்துவிடும். பாப்பா ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துச் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஜனவரி 11, சனி

கொளத்தூர் வண்ண மீன் கடைக்குப் போனோம். மீன் குஞ்சுக்குப் போடுகிற பச்சைத் தண்ணீர் அரை பாட்டில் கேட்டேன். கடைக்காரர், "இன்னாக்கா, மீன் வாங்காம தண்ணி மட்டும் கேக்குறீங்க" என்று சிரித்தார். மீனுக்குத் தீனியாகப் போடுகிற டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் கொஞ்சம் கொடுத்தார்.

இவை வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும், 4 லென்ஸ் போதும். டாஃப்னியா எகிறி எகிறிப் போகும், முதுகுப்பக்கம் இதயம் படபடப்பது வெளியிலிருந்தே தெரியும். கூடவே வந்திருந்தது சைக்ளாப்ஸ். விசுக் விசுக்கென்று வெட்டி வெட்டி நகரும், நெற்றியில் ஒற்றைக் கண், பெண்ணாக இருந்தால் வாலோரம் இரண்டு முட்டைப்பை. நரம்புச் சிலந்தி நோய் இந்தச் சைக்ளாப்ஸ் வழியாகத்தான் குடிநீரில் பரவியது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல், நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல். குடத்து வாயில் துணி கட்டி வடிகட்டினாலே சைக்ளாப்ஸ் துணியில் நின்றுவிடும். எங்கள் ஆயா கடைசிவரை அப்படித்தான் தண்ணீர் பிடித்தார்.

ஜனவரி 13, போகி

புகை. மாடிக்கே போகவில்லை.

ஜனவரி 16, காணும் பொங்கல்

ஊரே கடற்கரைக்குப் போயிருக்கிறது, நாங்கள் அல்லி வேரோடு. ஒரு வேர் நுனியை அப்படியே ஸ்லைடில் வைத்தால் வோர்டிசெல்லா கிடைக்கும். மணி வடிவ உடம்பு, நீளக் காம்பு. மேசையை லேசாகத் தட்டினால் சில மில்லிநொடிகளில் காம்பு சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு நிதானமாக நிமிரும். நெதர்லாந்துக்காரர் லேவன்ஹூக் தன் கையால் தேய்த்த ஒற்றை லென்ஸை வைத்துக்கொண்டு 1676இல் எழுதிய கடிதத்திலேயே இதை விவரித்திருக்கிறார்.

பக்கத்திலேயே ரோட்டிஃபர். அளவில் பாரமீசியத்தை ஒத்திருப்பதால் குழப்பம் வரும். ஆனால் இது ஒற்றைச் செல் இல்லை, ஏறக்குறைய ஆயிரம் செல்கள் கொண்ட விலங்கு. தலையில் சக்கரம் சுற்றுவது போன்ற தோற்றம், சுற்றுவது உண்மையில் குறு இழைகளின் அலை. நிச்சயப்படுத்த, உடம்புக்குள் பாருங்கள். தாடை ஒன்று ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்கும். தாடை இருந்தால் ரோட்டிஃபர், வேறு பேச்சில்லை. அட்டைபோல் நீண்டு சுருங்கி ஊர்ந்தால் டெல்லாய்ட் வகை. தண்ணீர் காய்ந்தால் சுருண்டு கிடந்து, நனைந்ததும் எழுந்துவிடும். மாடிச் சுவரின் காய்ந்த பாசியை ஊற வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ரெட்டேரித் தண்ணீர். பாட்டிலைக் கயிற்றில் கட்டி எடுத்தோம், இறங்கவில்லை. சாக்கடை கலக்கிற ஏரி, கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பச்சை நிறம் எல்லாம் ஒன்றல்ல. கிளையில்லாத நீலப்பச்சை இழை, நுனி மெல்ல ஆடியபடி வழுக்கிப் போனால் ஆசில்லடோரியா. ஸ்பைரோகைராவும் இழைதான், ஆனால் ஆடாது, உள்ளே பச்சை நாடா சுருளாக ஓடும். தனியாக நீந்தி, நடுவில் உடம்பைப் பிசைந்து நெளிந்தால் யூக்ளினா, சிவப்புக் கண்புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம். பொன்பழுப்பு நிறம், கூரான விளிம்பு, நேராக வழுக்கிப்போய் நின்று வந்த வழியே திரும்பினால் டயட்டம். அதன் ஓடு சிலிக்கா, அதாவது கண்ணாடிச் சரக்கு.

அமீபாவுக்கு வண்டல் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஸ்லைடைப் பத்து நிமிடம் அசைக்காமல் விட்டால்தான் போலிக்கால் நீளும். அதுவரை குப்பை மாதிரியே கிடக்கும்.

ஃபோனைக் கண் லென்ஸில் வைத்து எடுப்பவர்கள் போட்டோ எடுக்காமல் வீடியோ எடுங்கள், நடை பதிவாகும். பேரினம் தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்வேன், துல்லியமான சிற்றினப் பெயர் இந்த லென்ஸில் சொல்கிற விஷயம் இல்லை.

பாப்பா நோட்டில் பெயரில்லாமல் ஒன்று: "0.15 மி.மீ., நிறமில்லை, முதுகில் முள், சுழலாமல் வழுக்கிப் போகுது." வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வால் இரண்டாகப் பிரிந்திருந்தால் காஸ்ட்ரோட்ரிக் என்ற நுண்ணிய விலங்கு.