மாடு தாண்டாத சுவர்: எத்தியோப்பியாவின் தேவாலயக் காடுகள்

வட எத்தியோப்பியாவில் தானா ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது தெற்கு கோண்டர். கூகுள் எர்த்தில் அதைத் திறந்து பாருங்கள். வெளிறிய வயல்களுக்கு நடுவே கரும்பச்சைப் பொட்டுகள், பொட்டின் மையத்தில் பளிச்சென்று ஒரு வட்டக் கூரை. கூரை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தேவாலயம். பொட்டு அதைச் சுற்றிய காடு. இந்த ஒரு வட்டாரத்திலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சராசரியாக ஒன்று 5 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கர் சொச்சம்.

இந்த மண்ணின் பூர்வீகக் காட்டில் மிஞ்சியது ஏறக்குறைய இவ்வளவுதான். மிஞ்சியதற்கு வழிபாடே காரணம். தேவாலயத்தின் நடுவறையில் தாபோத் என்னும் புனிதப் பலகை இருக்கிறது; பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழையின் அடையாளம் அது. அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கட்டடம், அதற்கு வெளியே காடு. காடுதான் ஆலயத்தின் ஆடை, மரமில்லாத ஆலயம் அம்மணமாக நிற்கிறது என்பது அங்குள்ள குருக்களின் பேச்சு. 1975-இல் ராணுவ அரசு கிராமப்புற நிலத்தையெல்லாம் அரசுடைமையாக்கியபோது திருச்சபையின் விளைநிலங்களும் போயின. ஆலயத்தை ஒட்டிய மரங்கள் மட்டும் நின்றன.

இதை முறையாக எண்ணிப் பார்த்தவர் எத்தியோப்பியக் காட்டியல் அறிஞர் அலெமாயெஹு வாசியே. 2007-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவருடைய ஆய்வு, 28 தேவாலயக் காடுகளில் 168 வகை மரம், செடி, கொடிகளைப் பதிவு செய்தது. எண்ணிக்கை பிரமாதம்தான். ஆனால் தலைக்கு மேல் பார்ப்பதை விட்டுக் காலடியைப் பார்த்தால் கதை வேறு: கிழட்டு மரங்கள் உண்டு, கன்றுகள் இல்லை.

பலர் நினைப்பதுபோல விதை மண்ணுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்காது. மண்ணை அள்ளி ஈரம் காட்டி முளைக்க வைத்துப் பார்த்தபோது வந்தவை பெரும்பாலும் புல்லும் பூண்டும்தான். 'திகூர் இஞ்செத்' எனப்படும் ஆப்பிரிக்கச் செர்ரியின் விதை சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துவிடும். காட்டு ஒலிவமான 'வொய்ரா'வின் கொட்டை கெட்டி. ஓட்டை உடைக்காமல் போட்டால் மாதக்கணக்கில் அசையாது. 'தித்' எனப்படும் ஜூனிப்பரில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சிறு காட்டில் ஒரு பாலினம் குறைந்தால் விதை பொக்கையாகிவிடும். விழுந்த விதையில் பெரும்பங்கை எலி தின்கிறது. தப்பி முளைத்ததை மாடு மிதிக்கிறது, ஆடு கடிக்கிறது. ஆகவே தாய்மரம் சாய்ந்தால் அதோடு அந்த வரிசை முடிந்தது.

இந்த இடத்தில்தான் விஞ்ஞானியும் குருக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அலெமாயெஹுவும் அமெரிக்க மர உச்சி ஆய்வாளர் மார்கரெட் லோமனும் குருக்களைக் கூட்டி, அவர்களுடைய காடுகளையே செயற்கைக்கோள் படத்தில் காட்டினார்கள். உள்ளே நிற்பவருக்குத் தெரியாத ஓரத் தேய்மானம் மேலிருந்து பார்த்தால் தெரியும். தீர்வுக்கு வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. சில ஆலயங்களில் ஏற்கெனவே கல்சுவர் இருந்தது. தெப்ரெசேனா, ஜாரா போன்ற இடங்களில் நிதி திரட்டிச் சுவர் எழுப்பினார்கள்.

கல்லுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உழவர்கள் வயலில் கிடக்கும் கல்லைப் பொறுக்கிக் கொண்டுவருகிறார்கள். ஏர் தடுக்காத நிலம் அவர்களுக்கு லாபம். சிமெண்ட் இல்லாத கல்கட்டு என்பதால் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்க வேண்டும். இரண்டு முகத்துக்கும் நடுவே சில்லுக்கல்லை இறுக்கி அடைக்க வேண்டும். சுவரின் குறுக்கே இரு முகத்தையும் தொடும் நீளக்கல்லை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இதில் சோம்பினால் இரண்டு மழைக்காலத்துக்குள் வயிறு தள்ளிச் சரியும். சரிந்த இடம்தான் அப்புறம் மாட்டின் வாசல்.

சுவரை எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம். கடைசி மரத்தை ஒட்டிப் போட்டால் இருப்பதைக் காக்கலாம், அவ்வளவுதான். கணக்குப் போடுங்கள்: வட்டமான 5 ஹெக்டேர் காட்டின் சுற்றளவு 793 மீட்டர். 20 மீட்டர் தள்ளிப் போட்டால் சுவர் 918 மீட்டர். உள்ளே வரும் நிலமோ 6.7 ஹெக்டேர். 125 மீட்டர் கல்லுக்கு 1.7 ஹெக்டேர் கிடைக்கிறது. ஆனால் அந்த 20 மீட்டர் யாரோ உழும் நிலம். அதை விட்டுக்கொடுக்கும்படி கேட்க விஞ்ஞானியால் ஆகாது, குருக்கள்தான் கேட்க வேண்டும்.

சுவர் எழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தப்பு. அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் கார்டெலஸ் குழு, காட்டுக்கு உள்ளே நடக்கும் சிதைவை அளந்தது: ஒற்றையடிப் பாதை, கல்லறை, புதுக் கட்டடம், வெட்டவெளி. 1938-இல் எடுத்த வான்படங்களோடு ஒப்பிட்டால் பல காடுகளின் பரப்பு சுருங்கவே இல்லை. சில பெரிதாகக்கூட ஆகியிருக்கின்றன. சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். கூடிய பச்சையில் ஒரு பங்கு யூகலிப்டஸ். கம்பமாக விற்றால் ஆலயத்துக்கு ரொக்கம் வருகிறது, அதனால் நடுகிறார்கள். அதன் நிழலில் பூர்வீகக் கன்று தேறுவது கடினம். அதைப் பிடுங்கச் சொல்கிறவர் அந்த வருமானத்துக்கு மாற்றும் சொல்ல வேண்டும்; என் பார்வையில் திட்டங்கள் இன்னும் நொண்டுவது இங்கேதான்.

நாற்று நடுவதானால் ஜூன், ஜூலையில் பெருமழை தொடங்கும்போதே நட்டுவிட வேண்டும். செப்டம்பரில் மழை ஓய்ந்த பிறகு வரும் நீண்ட வறட்சிக்குள் வேர் ஆழம் போயாக வேண்டும். ஜூனிப்பரை வெளிச்சம் விழும் திறப்பில் நடலாம். செர்ரிக் கன்றுக்குப் பாதி நிழல் வேண்டும். விளிம்பில் புல்லை ஒரு கை அகலத்துக்காவது செதுக்கி வைக்காவிட்டால் கன்று புல்லுக்குள் மூச்சுத் திணறும். மாட்டை வெளியேற்றியதும் புல் கொழுத்து வளர்வது சுவரின் பக்கவிளைவு.

அப்புறம் கதவு. திருவிழா நாளில் ஊரே உள்ளே வரும், கதவு திறந்தே கிடக்கும். தானாகச் சாத்திக்கொள்ளும்படி கீல் பக்கத் தூணை எதிர்த்தூண் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து நட்டால், அன்று கதவைக் காக்கத் தனி ஆள் போட வேண்டியதில்லை.