டிஷ்வாஷரில் தண்ணீர் சூடாகவில்லையா?

தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கிறது, சோப்பு டேப்லெட் பாதி கரையாமல் கிடக்கிறது என்றால் உடனே புது ஹீட்டர் வாங்கிவிடாதீர்கள். முதலில் அடியிலுள்ள ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பருக்கையும் கறிவேப்பிலையும் அடைத்தால் நீரோட்டம் குறையும். அழுத்தம் போதாமல் பல மாடல்களில் ஹீட்டருக்குக் கரண்டே போகாது.

ஃபில்டர் சுத்தமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, தயவுசெய்து) ஹீட்டர் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். 230 வோல்ட்டில் 1800 - 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 முதல் 30 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. முனைக்கும் உலோக உறைக்கும் இடையே ரீடிங் வந்தால் எர்த் லீக், வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். ஹீட்டர் நன்றாயிருந்தால் கன்ட்ரோல் போர்டில் ரிலேயின் (ஹீட்டருக்குக் கரண்டை விடும் சிறு சுவிட்ச்) கால்களைப் பாருங்கள்: கோளாறு அங்கே என்றால் சாலிடர் கறுத்தோ, காலைச் சுற்றி மயிரிழை விரிசல் வட்டமாகவோ தெரியலாம்.